காஞ்சி முதல் கோட்டக்கல் வரை: ஆடி மாதத்துக் காலைப் பலகாரங்கள்

ஞாயிறு, காஞ்சிபுரம்

வரதராஜப் பெருமாள் கோயிலில் இட்லியை எண்ணித் தருவதில்லை, வெட்டித் தருகிறார்கள். நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து எடுத்த உருளை அது. பெருமாளுக்கு நைவேத்தியம் ஆனபின் வில்லை வில்லையாகப் பிரசாதக் கடைக்கு வருகிறது. என் தொன்னையில் விழுந்த துண்டின் வெட்டுமுகத்தில் மிளகு பாதி உடைந்தும் உடையாமலும் தெரிந்தது. இலை பட்ட விளிம்பு பழுப்பேறிச் சற்று இறுகி, அதில் இலை நரம்பின் கோடுகள் பதிந்திருந்தன. மாவைக் கொரகொரப்பாக அரைத்திருக்கிறார்கள். விண்டால் பூப்போல உதிராது, கடித்துத்தான் சாப்பிட வேண்டும். நெய்யும் சுக்கும் முதலில் தெரிகின்றன. சீரகம் பிறகு வருகிறது. பெருங்காயம் விழுங்கிய பின்புதான் வருகிறது.

மல்லிகைப்பூப் போன்ற இட்லிக்குப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் மூத்த இட்லி என்று படுகிறது. காரணம் உண்டு. இட்லியைப் பற்றிய பழைய குறிப்புகள் கன்னட நாட்டிலிருந்து கிடைக்கின்றன. சுமார் 920ஆம் ஆண்டைச் சேர்ந்த வட்டாராதனை என்ற நூலில் பெயர் வருகிறது. சுமார் 1025இல் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரத்தில் செய்முறையே இருக்கிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிரின் தெளிந்த நீரோடு மிளகு, சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம் சேர்ப்பது. அரிசி அதில் இல்லை. அரிசி பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. மிளகும் சீரகமும் பெருங்காயமும் வீட்டு இட்லியை விட்டு நீங்கிவிட்டன, குடலையில் மட்டும் தங்கிவிட்டன.

ஆயுர்வேதக் கணக்கில் உளுந்து எளிதில் செரிக்கும் பொருளல்ல. பலம் தரும், வாதத்தைத் தணிக்கும், ஆனால் கனம், கபத்தையும் பித்தத்தையும் கூட்டும் என்று பழைய ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர் சொல்கிறார். சுக்கும் மிளகும் வயிற்றின் நெருப்பைக் கிளப்புபவை. கனமான பொருளைப் போட்ட கையே அதைச் செரிக்க வைக்கும் பொருளையும் போட்டிருக்கிறது. மடப்பள்ளிக்காரர்கள் நூலைப் பார்த்துச் செய்தார்களா, நாக்கைக் கேட்டுச் செய்தார்களா என்பது வேறு விஷயம்.

என்னுடன் பெரியம்மா வருகிறார். சனிக்கிழமை கேரளத்துக் கோட்டக்கல்லில் ஆயுர்வேத வைத்தியரைப் பார்க்க வேண்டும், முழங்கால் வலி. நேராக ரயிலேறிப் போகவேண்டியவரை ஊர் ஊராகச் சாப்பிட வைத்து அழைத்துப் போவது என் யோசனை. "வைத்தியம் என் காலுக்கா, உன் நாக்குக்கா?" என்று கேட்டுவிட்டுப் பையில் சுக்குமல்லிப் பொடியை எடுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆடி ஞாயிறு அல்லவா. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவிட்டு, நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆறிய பின் மோர் விட்டுக் கரைத்த கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், கூடவே முருங்கைக்கீரை. இட்லி அரைத் துண்டு போதும் என்று ஒதுக்கிய பெரியம்மா கூழை இரண்டு சொம்பு குடித்தார்.

திங்கள், கும்பகோணம்

கும்பகோணம் என்றால் எல்லோரும் காபியைச் சொல்வார்கள். நான் கடப்பாவைச் சொல்வேன். ஆந்திர ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், கசகசா, பச்சை மிளகாய், சோம்பு அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்து இறக்கும் வெளிர்நிறக் குழம்பு. தஞ்சை மாவட்டத்தைத் தாண்டினால் பெயர் சொல்லிக் கேட்டும் கிடைக்காது. இங்கும் எல்லா ஓட்டல்களிலும் எல்லா நாளும் போடுவதில்லை. பெரிய கடைத்தெருப் பக்கம் மூன்றாவதாக ஏறிய கடையில் கிடைத்தது.

கடையின் சுவரில் "பாரம்பரிய ஆயுர்வேதக் காலை உணவு" என்று புது பிளெக்ஸ். அதன் கீழே உட்கார்ந்து கடப்பாவில் இட்லியைத் தோய்த்துக்கொண்டே யோசித்தேன். வாக்படர் காலம் ஏறக்குறைய ஏழாம் நூற்றாண்டு. மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வந்த பிறகு இந்த மண்ணுக்குள் நுழைந்தவை. காபி அரபு நாட்டிலிருந்து வந்தது. அது தமிழ்நாட்டு வீடுகளில் காலைப் பழக்கமாகப் பரவி நூறு, நூற்றைம்பது ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் விடியற்காலை என்றால் பழைய சோறும் நீராகாரமும்தான். இட்லி தீபாவளிக்கும் அமாவாசைக்கும் வரும் விருந்தாளி. ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது யாருடைய கை வலியாக இருந்தது என்பதை நினைத்தால் அது ஏன் தினமும் வரவில்லை என்பது விளங்கும். கோயம்புத்தூர்க்காரர்கள் 1950களில் மின்சார கிரைண்டரைச் செய்த பின்தான் இட்லி தினசரியானது. ஆகவே பிளெக்ஸில் உள்ள "பாரம்பரியம்" நம் பாட்டிக்கு முன்னால் போகாது.

இதனால் கடப்பாவின் ருசி குறைந்துவிடவில்லை. பாசிப்பருப்பு இருக்கிறதே, அது உண்மையாகவே வாக்படர் கொண்டாடிய பொருள். பயறு வகைகளில் அதற்குத்தான் முதலிடம், உடலுக்கு இலகுவானது என்பதால். வெண்பொங்கலை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, நெய். ஒன்றுகூடப் போர்த்துகீசியருக்குப் பின் வந்த பொருளல்ல. அப்படியானால் பொங்கல் சாப்பிட்டவன் பதினொரு மணிக்கு ஏன் கொட்டாவி விடுகிறான் என்று கேட்பீர்கள். பொருளில் குற்றமில்லை. நெய் ஊற்றும் கையிலும் தட்டில் வைக்கும் அளவிலும்தான்.

டபராவில் நுரை அடங்கும்வரை பெரியம்மா யாருடனும் பேசவில்லை. "கோட்டக்கல்லில் இதை நிறுத்தச் சொன்னால்?" என்றேன். "சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்" என்றார். கேட்டுக்கொள்வதாகத்தான் சொன்னார், நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

செவ்வாய், காரைக்குடி

வெள்ளைப் பணியாரம் போடுவதை அடுப்படியில் நின்று பார்க்க வேண்டும். இன்று பார்த்தேன். தங்கியிருக்கும் வீட்டு ஆச்சி அனுமதித்தார். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டுகிறார். உழக்கின் தலையில் எவ்வளவு உளுந்து நிற்கிறதோ அதுதான் கணக்கு, தராசு கிடையாது. ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, புளிக்க விடாமல் உடனே சுடுகிறார். எண்ணெய்ச் சட்டியின் நடுவில் ஒரு குழிக்கரண்டி மாவு. அது அடியில் போய் ஒரு நொடி தயங்கி, வட்டமாக விரிந்து, தானாக மேலே எழும்புகிறது. விளிம்பில் மெல்லிய சரிகைபோல ஓரம் கட்டிய பிறகு திருப்ப வேண்டும். சிவக்கக் கூடாது. சிவந்தால் அதற்கு வெள்ளைப் பணியாரம் என்று பெயர் இல்லை என்று ஆச்சி ஒன்றைத் தனியே ஒதுக்கிவைத்தார். ஒதுக்கியது எனக்கு வந்தது, அதிலும் குறையொன்றும் தெரியவில்லை. வரமிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்த காரச் சட்னிதான் இதற்குத் துணை.

பின்னால் கவுனி அரிசி வந்தது. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்து நிலைநிறுத்திய கறுப்பு அரிசி. இரவே ஊறவைத்தால்தான் வேகும். வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் நெய்யும் சேர்த்தால் கரும் ஊதா நிறத்தில் ஒரு பளபளப்பு. சுகர் உள்ள பெரியம்மா ஒரு ஸ்பூன் என்று ஆரம்பித்தார்.

மதியம் விருந்து, மாலை கந்தரப்பம், இரவு இடியாப்பம். எழுத உட்கார்ந்தபோது மணி பத்தரை. வயிறு இன்னும் காலையில்தான் இருக்கிறது.

புதன், மதுரை

இன்று பெரியம்மா காலை உணவு சாப்பிடவில்லை. விடியற்காலையிலேயே புளித்த ஏப்பம். கொதிக்கவைத்த நீரில் சுக்குமல்லிப் பொடியைப் போட்டுக் குடித்துவிட்டு, "லங்கணம் பரம ஔஷதம்", பட்டினியே பெரிய மருந்து, என்று படுத்துவிட்டார். பலகாரம் தேடிப் புறப்பட்ட பயணத்தில் இப்படி ஒரு நாள் வருமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆயுர்வேதம் காலை உணவைப் பற்றிச் சொல்வதில் தலையானது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பழைய நூல்களில் பெரும்பாலும் இருவேளை உணவுதான் பேச்சு. முன்பு உண்டது செரித்த பின் உண், இதுதான் இன்னொரு ஆயுர்வேத ஆசிரியரான சரகரின் விதி. நம்மவர் குறளில் "அற்றது போற்றி உணின்" மருந்தே வேண்டாம் என்கிறார். எட்டு மணியானால் சாப்பிட்டே தீர வேண்டும் என்பது அலுவலகத்தின் சட்டம். பள்ளிக்கும் அதே சட்டம். வயிற்றுக்கு அப்படி ஒன்று கிடையாது.

எனக்குப் பசித்தது. ஆகவே தனியே நடந்தேன். தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு கலந்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சியது. மேலே தேங்காய்ப்பூ. அடிநாக்கில் சுக்கின் காரம் நிற்கும் இந்தச் சூட்டோடு மாசி வீதி ஒன்றைச் சுற்றி வந்துவிடலாம். சந்தையிலிருந்து திரும்பும் சுமைத்தொழிலாளிகள் ஆளுக்கொரு டம்ளரை நின்றபடியே குடித்துவிட்டு நகர்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டே "காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்" என்று சொல்லி, கேட்காமலே ஒரு கடுக்காயை என் கையில் வைத்தார். இது சித்த மருத்துவத்தின் வாய்மொழி. தமிழ்நாட்டில் ஆயுர்வேதம் என்று பெயர் சொல்லி விற்பதில் பாதி, பெயர் சொல்லாத சித்தமே.

சிம்மக்கல் பக்கம் வந்தபோது, 2022 செப்டம்பர் 15ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிய மாநகராட்சிப் பள்ளி இந்தப் பகுதியில்தான் என்பது நினைவுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய்கறி சாம்பார். லங்கணத்தின் பெருமையைப் பேச வயிறு நிறைந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு வாக்படரும் வேண்டாம், வள்ளுவரும் வேண்டாம். சூடான பொங்கல் வேண்டும்.

மாலையில் பெரியம்மா எழுந்து "பசிக்கிறது" என்றார். ரசம் சாதம், அவ்வளவுதான்.

வியாழன், பழனி வழியாகப் பாலக்காடு

பெரும்பாலும் பஸ். ஒட்டன்சத்திரம், பழனி, பொள்ளாச்சி. பொள்ளாச்சி தாண்டியதும் காற்றில் ஈரம், எல்லைக்கு அப்பால் மழை. குறிப்பிடும்படி எதுவும் சாப்பிடவில்லை. பழனியில் இரண்டு இட்லி, அதுவும் ஆறியது.

மழையைப் பற்றி ஒன்று. கோடை முடிந்து மழை பிடிக்கும்போதுதான் ஜடராக்கினி, அதாவது உணவைச் செரிக்கும் வயிற்றின் நெருப்பு, மிகவும் தாழ்ந்திருக்கும் என்று ஆயுர்வேதம் கருதுகிறது. அந்தக் காலத்துக்குப் பழைய தானியம், இலகுவான சாறுகள், கொதித்து ஆறிய நீர் ஆகியவற்றைச் சொல்கிறது. நம் ஆடியும் மலையாளத்துக் கர்க்கடகமும் ஒரே மாதம். இங்கே அம்மனுக்குக் கூழ், அங்கே வீட்டுக்கு வீடு மருந்துக் கஞ்சி. ஒன்றைச் சடங்கென்றும் மற்றதை மருத்துவமென்றும் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் பின்னால் விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருக்கும் வீட்டின் காலிக் குதிரும் இருக்கிறது. கர்க்கடகத்தைப் பஞ்சத்து மாதம் என்றே மலையாளிகள் சொல்வார்கள். வேறெதுவும் இல்லாத மாதத்தில் கஞ்சியை மருந்தாக்கிக்கொள்வது நல்ல சாமர்த்தியம்.

வெள்ளி, ராமச்சேரி

பாலக்காட்டிலிருந்து எலப்புள்ளி போகும் வழியில் சின்ன ஊர். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள் சில இங்கே இட்லி சுடுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஆனால் குடலை இட்லிக்கும் இதற்கும் ஜாடையே இல்லை.

இட்லித்தட்டு கிடையாது. அகன்ற வாய்கொண்ட மண் வளையத்தில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக வலைபோலக் கட்டி, அதன் மேல் ஈரத் துணியை விரித்து, மாவை ஊற்றுகிறார்கள். கொதிக்கும் பானையின் வாயில் இப்படி வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடுகிறார்கள். விறகடுப்பு. வெந்து இறங்குவது தோசையளவு அகலம், விரல் கனத்துக்கும் குறைவு, மேலே துணியின் இழைத் தடம். ஆவி கீழிருந்து முழுப் பரப்பிலும் படுவதால் நடுவும் ஓரமும் ஒரே மென்மை. உலோகத் தட்டில் கீழ்ப்பக்கம் நீர் கோத்து நொசநொசக்குமே, அது இதில் இல்லை. தொட்டுக்கொள்ளத் தேங்காயெண்ணெயில் குழைத்த பொடி. பெரியம்மா நல்லெண்ணெய் கேட்டார். கடைக்கார அம்மாள் தமிழும் மலையாளமுமாக "இங்கே இதுதான் அம்மா" என்றதும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

அக்காலத்தில் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றார்களாம். இன்று செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே. மண் வளையம் செய்பவர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்றார் அந்த அம்மாள். துணியைத் தினமும் அலசிக் காயவைப்பது, நூல் அறுந்தால் மறுபடி கட்டுவது, புகையில் நிற்பது, இதற்கெல்லாம் வீட்டுப் பெண்பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறார்களாம். வராதது சரிதானே என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை, வாயில் இட்லி இருந்தது.

சனி, கோட்டக்கல்

1902இல் வைத்தியரத்தினம் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு மருந்தே தொழில். தெருவில் நடந்தால் எங்கோ கஷாயம் கொதிக்கும் மணம் வந்துகொண்டே இருக்கிறது. கேரளத்து வைத்தியர்களுக்கு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் மனப்பாடம். நாங்கள் பார்த்த வைத்தியரும் பெரியம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே இரண்டு சுலோகம் சொல்லிவிட்டார்.

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன்: இட்லி நல்லதா, தோசை பித்தமா, தயிர் சேர்க்கலாமா. அவர் கேட்டது வேறு. காலையில் எழுந்ததும் பசிக்கிறதா, நேற்றைய உணவின் ருசி ஏப்பத்தில் வருகிறதா, மலம் சீராகப் போகிறதா, எத்தனை மணிக்குத் தூக்கம். காரைக்குடிக் கதையைப் பெரியம்மா ஒளிக்காமல் சொன்னார். வைத்தியர் சிரித்தார். வயிற்றில் பாதி திட உணவு, கால் பங்கு நீர், கால் பங்கு காற்று உலவக் காலியிடம் என்ற வாக்படர் கணக்கைச் சொன்னார். இரவில் தயிர் கூடாது. தயிரைச் சூடாக்கவும் கூடாது. புளித்த மாவைப் பற்றிக் கேட்டதற்கு, முதல் நாள் மாவு வேறு, நான்காம் நாள் மாவு வேறு, நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்து மாவு வைத்திருக்கும் எவருக்கும் அதற்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும். சுகர் மாத்திரையை இங்கிலீஷ் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதையும் அவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

காபிக்குத் தடையில்லை. வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம் என்றார். பெரியம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால் முழங்கால் வலி அங்கேயே போய்விட்டது என்று தோன்றியது.

காலை உணவுக்குக் கர்க்கடகக் கஞ்சி. நவரை அரிசி, குறுகிய நாளில் விளையும் செந்நிற அரிசி, நம் அறுபதாம் குறுவை போன்றது. அறுபது நாள் நெல்லை வாக்படர் தனியே புகழ்ந்திருக்கிறார். கிழி கட்டி உடம்பில் ஒத்தடம் கொடுப்பதும் இதே அரிசியைப் பாலில் வேகவைத்துத்தான். கஞ்சியில் வெந்தயம், சீரகம், மூலிகைப் பொடி, இறக்கும்போது தேங்காய்ப்பால். கசப்பும் இனிப்புமாக, கரண்டியில் எடுத்தால் தொடர்ந்து ஒழுகும் பதம். பருக்கை இல்லாத கஞ்சித்தெளிவு, பருக்கை கொஞ்சம் உள்ள கஞ்சி, குழைந்த கஞ்சி, பிறகுதான் சோறு. பின்னதைவிட முன்னது இலகு என்பது நூலின் வரிசை. இட்லியோ தோசையோ இந்த வரிசையில் எங்கும் இல்லை. என் பாட்டி காய்ச்சலுக்குக் கொடுத்த கஞ்சியும் காலையில் குடித்த நீராகாரமும் இருக்கின்றன.

விலை அதிகம், நவரையில் மகசூல் குறைவு என்பதால். கடையில் ஒரு மாதத்துக்கான கஞ்சி கிட் அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். பெட்டி வேண்டாம், அரிசி மட்டும் போதும் என்று பெரியம்மா ஒரு கிலோ வாங்கினார். வெந்தயமும் சீரகமும் எங்கள் வீட்டில் இல்லையா என்று கடைக்காரரிடமே கேட்டார். ஒரு ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி, முதல் நாளே ஊறவைக்க வேண்டும், குக்கரில் வைத்தால் தண்ணீர் எட்டு மடங்கு ஊற்றுங்கள் என்று கடைக்காரர் சொன்னதை இங்கே குறித்துவைக்கிறேன். தேங்காய்ப்பாலைச் சேர்த்த பிறகு கொதிக்க விடக் கூடாது. நாளை திரூரில் ரயில் ஏறுகிறோம்.